செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் அறிவியல் மன்றம் இந்த ஆண்டு சமூக மன்ற அறையில் 6 முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். 5 கூட்டங்களின் குறிப்புகள் இணைப்பில் உள்ளன. மீதமுள்ள ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். ஆய்வக விலங்குகளோடு பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்தக் கூட்டம் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

விலங்கின் உடலைத் திறக்காமலேயே அதன் இதயச் சேதத்தைப் படம்பிடித்து அறிவது பற்றிய கூட்டம் அது. மாரடைப்புக்குப் பின் இதயத் தசை எப்படித் தளர்கிறது, டாக்ஸோரூபிசின் போன்ற புற்றுநோய் மருந்து இதயத்தை எவ்வளவு பாதிக்கிறது என்பதையெல்லாம் சுண்டெலிகளில் பார்க்கிறார்கள். முன்பு ஒவ்வொரு கட்டத்திலும் சில எலிகளைக் கொன்றுதான் இதயத்தை ஆராய முடிந்தது. கட்டத்துக்கு 10 எலி, 4 கட்டம் என்றால் 40 உயிர். அல்ட்ராசவுண்டு வந்தபின் அதே 10 எலிகளை 4 முறையும் பார்க்கலாம். ஒவ்வொன்றையும் அதன் பழைய படத்தோடே ஒப்பிடுவதால் மாற்றமும் தெளிவாகப் பிடிபடும். விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிவியலாளர்கள் 1959லேயே எழுதினார்கள். அதற்குக் கைகொடுத்த கருவி இது.

சுண்டெலியின் இதயம் முழுத் துவரை அளவுதான். நிமிடத்துக்கு 500, 600 முறை துடிக்கும். பெரியவர்களின் இதயத்துக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியலை போதும். இதற்கு 30 வேண்டும். அந்த அலை ஆழம் போகாது, ஆனால் எலியின் நெஞ்சுச்சுவர் மிக மெல்லியது. மாரடைப்பு இதயத்தில் விட்டுச்செல்லும் தழும்பின் பரப்பை அறிய, படத்தில் அதை எடுத்துக்காட்டும் கடோலினியம் மருந்தைச் செலுத்தி எம்ஆர்ஐ எடுப்பதும் உண்டு. நேரமும் செலவும் கூடும்.

எலியை இளஞ்சூடான மேடையில் மல்லாக்கப் படுக்க வைப்போம். மார்பு முடியைக் களிம்பு பூசி நீக்கி, நான்கு பாதங்களையும் இசிஜி தகடுகளில் ஒட்டுவோம். மயக்கத்திலும் கண் மூடாது. உலராதிருக்க அதற்கும் மருந்திடுவோம். ஐசோஃபுளூரேன் என்ற மயக்க மருந்து சற்றுக் கூடினாலோ உடல் குளிர்ந்தாலோ துடிப்பு இறங்கிவிடும். நல்ல இதயமே பழுதானதுபோலத் திரையில் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் படமெடுக்கும்போது மார்பில் தடவும் ஜெல்லைச் சூடாக்க மறந்து, ஒருநாள் அளவுகள் முழுவதையும் நான் பாழாக்கினேன். அந்த எலிகளை மறுபடியும் மயக்க நேர்ந்தது இன்றும் உறுத்துகிறது.

மூத்த உறுப்பினரான ஓர் அம்மா, "அதுக்கு வலிக்காதா தம்பி?" என்று கேட்டார். படம் எடுப்பது வலிக்காது. ஆனால் அந்தச் சேதத்தை உண்டாக்குவதே நாம்தான். அறுவை என்றால் வலிநிவாரணி கொடுத்தே ஆக வேண்டும். கடைசிப் படத்துக்குப் பிறகு எலியைக் கொன்று, இதயத்தை எடுத்து நுண்ணோக்கியில் சரிபார்க்கிறோம். இதை அவரிடம் மறைக்கவில்லை.

சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டு விதிகளின்படி, இத்தகைய ஆய்வு ஒவ்வொன்றுக்கும் நிறுவனத்தின் விலங்குப் பராமரிப்புக் குழு ஒப்புதல் தர வேண்டும். அறிவியல் துறை சாராத ஒருவரும், நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒருவரும் அதில் இருப்பார்கள் என்றதும், "என்னைப்போல ஒருத்தர் அங்க உட்காரலாமா?" என்றார் அந்த அம்மா. உட்காரலாம். அப்படி ஒரு குழுவில் பணியாற்றியவரை அடுத்த ஆண்டின் முதல் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். வழிமொழிய விரும்புவோர் கை உயர்த்துங்கள்.

செயலாளர்