மச்சானுக்கு மச்சான் யார்?

மதுரை
ஞாயிறு இரவு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. பார்சல் செவ்வாய்க்குள் வந்துவிடும். முறுக்கு டப்பாவுக்கு அடியில் என் பழைய பாடக்குறிப்பு நோட்டையும் அம்மாவுக்குத் தெரியாமல் சொருகியிருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் கணங்கள் வரை ஓடிவிட்டது, தொடர்புகள் என்று ஆரம்பித்ததும் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்று போனில் சொன்னாயே, அதற்காகத்தான்.

சேர்ப்பு, வெட்டு, நிரப்பு எல்லாம் இரண்டு வட்டம் போட்டால் முடிந்தது. தொடர்பை அப்படிக் காட்ட முடியாது. நீ 'கார்டீசியன் பெருக்கலின் உட்கணம்', அதாவது வரிசைச் சோடிகள் சிலவற்றின் கூட்டம், என்று வரையறையிலிருந்து தொடங்கியிருப்பாய். வரையறை சரிதான், ஆனால் அது வாசல் இல்லை. பத்தாம் வகுப்புப் புத்தகம் இதையே 'உறவு' என்கிறது. எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும், ஏனென்றால் உறவைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நம்மைவிட அதிகம் தெரியும்.

மச்சானில் தொடங்கு. உன் பெரிய அத்தை வீட்டுக்காரர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மச்சான். சமச்சீர் வந்துவிட்டதா? இப்போது கேள், மச்சானுக்கு மச்சான் எனக்கும் மச்சானா? ஒருத்தன் "ஆமா சார்" என்பான். (உனக்கு "ஆமா டீச்சர்".) அவருடைய மச்சான் யார், நானேதானே! நானே எனக்கு மச்சானா? வகுப்பு சிரிக்கும். சிரித்த பிறகு 'கடப்பு இல்லை', அதாவது இடையில் ஒருவர் வழியாக உறவு தாவிப் போகாது, என்று எழுது, மறக்கவே மாட்டார்கள். 'மூத்தவர்' என்பது நேர் எதிர்: கடப்பு உண்டு, சமச்சீர் கிடையாது.

இந்த உறவுகளின் தர்க்கத்தைப் பற்றி 1860-லேயே பெரிய கட்டுரை எழுதியவர் அகஸ்டஸ் டி மார்கன். நிரப்புக் கணத்துக்கு நீ நடத்திய டி மார்கன் விதிகளின் அதே ஆள். 1806-ல் பிறந்தது நம் மதுரையில். கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இருந்தாலும் வகுப்பில் ஊர்ப் பெருமைக்காக வருஷா வருஷம் சொல்லுவேன்.

அடுத்தது சமானத் தொடர்பு: சமச்சீர், கடப்பு இரண்டோடு, ஒவ்வொரு உறுப்பும் தன்னோடும் தொடர்பில் இருக்க வேண்டும் என்ற தற்சுட்டும் சேர்ந்தது. அதற்கு நான் 'ஒரே குலதெய்வம்' என்ற உதாரணத்தைப் பல வருஷம் வைத்திருந்தேன். நோட்டிலும் இருக்கும். நீ அதை எடுக்காதே. ஏன் என்று சொல்கிறேன்.

ரிடையர் ஆவதற்கு நாலைந்து வருஷம் முன்னால். யார் யாருக்கு எந்தக் கோயில் என்று பெஞ்சு வாரியாகக் கேட்டுப் பலகையில் பிரித்து எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன், ஹாஸ்டலில் இருந்து படித்தவன், முறை வந்தபோது வாய் திறக்கவில்லை. நானும் அடுத்தவனிடம் போய்விட்டேன். பாடம் முடியும் நேரத்தில் அவன் எழுந்தான். "சார், நான் உங்களுக்கு உறவுன்னா நீங்க எனக்கு உறவு. அப்போ கடப்புப்படி நான் எனக்கே உறவு. தற்சுட்டு தானா வந்துடுதே, அதை ஏன் மூணாவது விதியாத் தனியா எழுதணும்?"

கயல், எனக்குப் பதில் தெரியவில்லை. "புத்தகத்துல அப்படித்தான் இருக்கு, உக்காரு" என்றேன். அத்தனை வருஷ சர்வீஸுக்கு இது அழகா?

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அவன் சொன்னது 'உறவென்று ஒருவராவது இருந்தால்' மட்டுமே சரி. யாரோடும் சோடி சேராத உறுப்பு ஒன்று கணத்தில் இருந்தால், சமச்சீர், கடப்பு இரண்டும் அதைக் கேள்வியே கேட்காமல் தாண்டிப் போய்விடும். தற்சுட்டு மட்டும்தான் ஒவ்வொரு உறுப்பையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. குலதெய்வம் இன்னதென்று தெரியாதவனுக்குத் தன்னோடுகூட 'ஒரே குலதெய்வம்' இல்லை. என் உதாரணத்துக்கு எதிர் உதாரணம் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தது.

சாதி வாடை அடிக்கிற உதாரணம் என்பதும் அதற்கு அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நீ பிறந்த மாதத்தை எடு. எல்லாருக்கும் ஒன்று உண்டு.

மூன்றே உறுப்பு வைத்து ஒரு கணக்கும் கொடு. 9 வரிசைச் சோடிகள், ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம், அதனால் 2⁹ = 512 தொடர்புகள். அவற்றில் சமானத் தொடர்பு வெறும் 5. அந்த ஐந்தையும் தேடச் சொல், ஒரு பீரியடு போவதே தெரியாது.

அன்றைக்கு மறுநாள் முதல் வேலையாக அந்தக் கடைசி பெஞ்சுப் பையனைக் கூப்பிட்டு, நேற்று நான் சொன்னது தப்பு என்றேன். பலகையில் 1, 2, 3 என்று எழுதி, (1,1), (1,2), (2,1), (2,2) போட்டேன். "சமச்சீர் இருக்கா? இருக்கு. கடப்பு இருக்கா? இருக்கு. 3 எங்கே?" கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "சார், 3-க்கு வேற யாரும் வேணாமே" என்று சாக்பீஸை வாங்கி, கடைசியில் (3,3) என்று அவனே எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

அன்புடன்,
அப்பா