சுருக்க ஊசி: முதல் நாள் பேச்சோடு போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆவணி முகூர்த்தம் நெருங்கினாலே உங்கள் நாளிதழுக்குள் செருகி வரும் நோட்டீஸ்கள் கூடிவிடும். வாடகைப் பாத்திரம், மேளம், வீடியோ, சமையல் காண்ட்ராக்ட் என்று வருவதற்கு நடுவே இந்த வருடம் புதிதாக ஒன்று: "மணிவிழாத் தம்பதியருக்குச் சலுகை விலையில் முகச்சுருக்க ஊசி. அன்றே பலன்." செருகுவது ஏஜென்ட்தான், நீங்கள் அல்ல என்று தெரியும். ஆனால் காரைக்குடி மருந்துக்கடையில் நின்றே காலம் போன எனக்கு அந்த "அன்றே பலன்" கண்ணை உறுத்துகிறது.

சுருக்க ஊசிக்கு, போடாக்ஸ் என்று நாம் சொல்வது, போட்டுலினம் டாக்சின் என்ற மருந்து. தசையைச் சுருங்கச் சொல்லி நரம்பின் நுனியிலிருந்து போகும் உத்தரவை அது நிறுத்திவைக்கிறது. தசை தளர்ந்தால் அதன் மேலுள்ள தோல் மடிவதும் குறையும். வேலை செய்யத் தொடங்கவே சில நாள் ஆகும். முழுசாகத் தெரிய 2 வாரம்கூடப் பிடிக்கும். 3, 4 மாதத்தில் பலன் போய்விடும். அன்றைக்கே பலன் தெரிகிறதென்றால் அது வேறு ஏதோ ஊசி. கன்னக்குழியை நிரப்பும் ஃபில்லரையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் நோட்டீஸ்களும் உண்டு. ஃபில்லர் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் பார்வையே போன சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன.

இந்த வயதில் எதற்கு அழகு என்று உபதேசம் செய்ய வரவில்லை. மாறுகண்ணுக்கும் இமைத்துடிப்புக்கும் 1989-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. புருவ நடுச் சுருக்கத்துக்கு 2002-ல் அனுமதி கிடைத்தது. போடுகிறவர் யார், போடும் முன் என்ன கேட்கிறார் என்பதுதான் என் கவலை.

என் நாத்தனாருக்கு மணிவிழா வந்தது. "அண்ணமிண்டி (அண்ணி), நீங்களும் கூட வாங்க" என்று ஓர் அழகு நிலையத்துக்கு என்னைக் கூட்டிப் போனாள். வரவேற்பில் இருந்த பெண் பெயர், போன் நம்பர், விழாத் தேதி, எந்த பேக்கேஜ் என்று எழுதிக்கொண்டாள். "டாக்டர் சாயங்காலம் வருவார், இப்பவே பணம் கட்டினா தள்ளுபடி" என்றாள். நாத்தனார் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவள். ரத்தம் இளக்க தினமும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சாப்பிடுகிறாள். அதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அந்தப் பெண் மணப்பெண்ணுக்குப் பூ எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். கதவுத் தட்டில், ஈரத்துணி சுற்றிய மல்லிகைப் பந்தை ஒட்டி, மூடி திறந்த சின்னப் போடாக்ஸ் குப்பி ஒன்று. தூளாக வரும் மருந்து அது; எப்போது கரைத்தது என்று லேபிளில் எழுதியிருக்கவில்லை. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய சரக்கு, ஆள் மாற்றி ஆள் திறக்கும் கதவில்! கரைத்த பிறகு 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது கம்பெனிக்காரன் அச்சடித்துக் கொடுக்கும் குறிப்பு. இந்த மருந்தை யூனிட் கணக்கில்தான் அளப்பார்கள்; குப்பி 50 யூனிட், 100 யூனிட் என்று வருகிறது. புருவ நடுவுக்குப் போடாக்ஸ் வழக்கமாக 20 யூனிட். மிச்சம் யாருக்குப் போகிறது என்று கேட்டேன். "ஆச்சி, அதெல்லாம் டாக்டருக்குத்தான் தெரியும்" என்றாள். எழுந்து வந்துவிட்டோம்.

பிறகு மதுரையில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தோம். நாத்தனாரின் மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். பெயர் சொல்லத் தடுமாறுவதைவிட அட்டையைக் காட்டுவது சுலபம். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரத்தம் இளக்கும் மாத்திரையால் ஊசி இடம் கன்றிப்போகலாம், அதற்காக இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளையும் நிறுத்தக் கூடாது என்றார். தசை பலவீன நோய் உண்டா, சமீபத்தில் ஜென்டாமைசின், அமிகாசின் மாதிரி ஆன்டிபயாடிக் ஊசி போட்டதுண்டா, முன்பு இதே ஊசி போட்டு இமை இறங்கியதுண்டா என்று கேட்டார். இளவயதுக்காரர்களிடம் கர்ப்பம், தாய்ப்பால் பற்றியும் கேட்பாராம். அப்புறம் புருவத்தை நெரி, உயர்த்து, கண்ணை இறுக்கு, சிரி என்றார். ஒரு பழைய போட்டோவையும் வாங்கி இமையை ஒப்பிட்டார். முகம் சும்மா இருக்கும்போதே தெரியும் கோடு மங்குமே தவிர மறையாது என்று முன்கூட்டியே சொன்னார். தலைவலி, கன்றல், இமை தொய்வு வரலாம். தொய்ந்தால் மாற்று ஊசி கிடையாது, தானாகச் சரியாகும்வரை சில வாரம் பொறுக்கணும் என்றார். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு. விழாவுக்கு 2 வாரம்கூட இல்லாததால் இப்போது வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். ஆலோசனைக் கட்டணம் மட்டும் வாங்கினார். நாத்தனாருக்கு முகம் சுண்டித்தான் போனது, அது வேறு கதை. சுருக்கத்தோடுதான் மாலை மாற்றினாள்; வீடியோக்காரர் எதையோ தேய்த்துச் சரிசெய்திருக்கிறார்.

யூனிட் கணக்கையும் கேட்டு வையுங்கள். ஒரு கம்பெனி யூனிட்டும் இன்னொரு கம்பெனி யூனிட்டும் சமம் இல்லை. "எங்களிடம் அதிக யூனிட், குறைந்த விலை" என்பது வெறும் பேச்சாக இருக்கலாம். மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லலாம். தராவிட்டால் ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஊசி பற்றி வரும் நோட்டீஸில் மருத்துவரின் பெயரும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இல்லையென்றால் செருக வேண்டாம் என்று உங்கள் ஏஜென்ட்களுக்குச் சொல்லுங்கள். தை முகூர்த்தங்களுக்கு முன்னால், மருத்துவப் பக்கத்தில் ஒரு தோல் மருத்துவரை வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வையுங்கள்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயர் வேண்டாம். நாத்தனார் வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பார்மசிஸ்ட்,
காரைக்குடி