பாதிக்குப் பாதி என்ற தீர்ப்பு வேண்டாம்: கடலூர் நலச்சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் நகரத்தின் குடியிருப்போர் நலச்சங்கப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

பருவமழைக்கு முந்தைய கூட்டத்தில் வடிகால், கொசு மருந்து, தெருவிளக்கு என்று பேசுவதற்கு உங்களுக்கு நிறைய இருக்கும். நான் கேட்க வந்தது வேறு. ஒரு வீட்டு மரமோ சுவரோ அடுத்த வீட்டின்மேல் விழுந்தால், “ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்ளுங்கள், அக்கம்பக்கத்தில் பகை எதற்கு” என்று சொல்லி அனுப்பும் வழக்கத்தை நீங்கள் கைவிட வேண்டும்.

பகை வேண்டாம் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால், கண்டுகொள்ளாமல் விட்டவருக்கு இந்தத் தீர்ப்பில் பாதி தள்ளுபடி கிடைக்கிறது. தவறே செய்யாதவருக்குப் பாதி தண்டம் விழுகிறது. பகையும் தீர்வதில்லை. பேச்சுவார்த்தை முடிந்து காபி குடித்துவிட்டுப் போன இரண்டு வீட்டார், அதன் பிறகு ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் போகாததை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு காலி மனை. அதன் உரிமையாளர் சென்னையில் இருக்கிறார். மனை ஓரத்தில் நின்ற தென்னை அடியில் பொந்து விழுந்து, பக்கத்து வீட்டுப் பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. அந்த வீட்டில் தனியாக இருக்கும் அம்மா பலமுறை தொலைபேசியில் சொன்னார். “மழை முடிந்ததும் ஆள் அனுப்புகிறேன்” என்பதே பதில். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மரம் அவருடைய சமையலறைக் கூரைமேல் விழுந்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கைப்பிடிச் சுவர், துவைக்கும் கல் எல்லாம் போயின. காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்றார்கள். மரம் விழுந்தது குற்ற வழக்கு ஆகாது என்பது சரிதான். அடுத்து, சங்கத்தில் பஞ்சாயத்து. மனைக்காரர் “புயல் அடித்ததற்கு நான் என்ன செய்வேன்?” என்றார். சங்கம் பாதிக்குப் பாதி என்றது. அந்த அம்மா தலையாட்டினார். வேறு என்ன செய்வார்?

அங்கே கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: மரம் ஆபத்தாக நிற்கிறது என்று மனைக்காரருக்கு முன்பே தெரியுமா? நீதிமன்றத்துக்குப் போனாலும் முதலில் இதைத்தான் பார்ப்பார்கள். மரம் யாருடையது என்பதால் மட்டும் பொறுப்பு வந்துவிடாது. தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், சும்மா இருந்தாரா என்பதுதான் வழக்கு. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரை ஏறியபோது நம் மாவட்டத்தில் நோய்நொடி இல்லாத பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அப்படி விழுந்த நல்ல மரத்துக்கு யாரிடம் நஷ்டஈடு கேட்பது? அவரவர் இழப்பை அவரவர் தாங்க வேண்டியதுதான். (அறுத்து எடுக்கும் கூலியை மட்டும் மரத்துக்காரர் கொடுப்பது முறை என்பேன், விறகும் அவருக்குத்தானே போகிறது.) ஆனால் ஆண்டுதோறும் நவம்பரிலும் டிசம்பரிலும் காற்றும் மழையும் வரும் கரையில் குடியிருந்துகொண்டு, பொந்து விழுந்த தென்னைக்கும் புயலைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது.

மதில் சுவர் விஷயமும் இதேதான். வீடு கட்டுகிறவர் ஜல்லியையும் மணலையும் பக்கத்து மதிலில் சாய்த்துக் குவிக்கிறார். மழையில் ஊறிய பாரம் சுவரைத் தள்ளிவிடுகிறது. அங்கே பாதிக்கு இடமே இல்லை, முழுச் செலவும் குவித்தவருடையது. அஸ்திவாரம் தோண்டி அடுத்த வீட்டில் விரிசல் விட்டால் கொஞ்சம் சிக்கல். பக்கத்து நிலத்தின்மேல் ஒருவருக்கு உள்ள உரிமைகளைச் சொல்லும் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, கட்டடம் இல்லாத வெறும் மண்ணுக்குப் பக்கத்து மண்ணின் தாங்கல், அதாவது சரியாமல் பிடித்து நிற்கும் ஆதாரம், இயல்பான உரிமை. மேலே நிற்கும் கட்டடத்துக்கு அந்த உரிமை வர, இருபது ஆண்டு தடையின்றி அந்தத் தாங்கலை அனுபவித்திருக்க வேண்டும். அதற்காக, புது வீட்டுக்குப் பக்கத்தில் எப்படி வேண்டுமானாலும் தோண்டலாம் என்று பொருள் இல்லை. கவனக்குறைவாகத் தோண்டினால் அதற்கான பொறுப்பு தனியாக இருக்கிறது. எனவே ஜேசிபி வருவதற்கு முன்பே இரண்டு வீட்டாரும் சேர்ந்து நின்று சுவர்களைப் படம் எடுத்துக்கொள்ளட்டும். பழைய விரிசல் எது, புதிய விரிசல் எது என்று பின்னால் சத்தம் போட வேண்டியிருக்காது.

பாதிக்கப்பட்டவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உடைந்தது பழைய ஷீட் என்றால் கேட்க வேண்டியது ஷீட்டும் கூலியும். இந்தச் சாக்கில் கான்கிரீட் தளம் போட்டுத் தரச் சொல்கிறவர்களையும் பார்த்துவிட்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவைச் சுற்றி வாருங்கள். சாய்ந்த மரம், உப்பிய மதில், ஆடும் தண்ணீர்த் தொட்டி எதுவானாலும் படம் எடுத்து, தேதி போட்டு, உரிமையாளருக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுங்கள். வெளியூரில் இருப்பவருக்குத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு “எனக்குத் தெரியாது” என்ற பேச்சுக்கு இடமில்லை. கடிதத்துக்கும் அசையாதவர்மேல் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். விழக்கூடிய நிலையில் ஆட்களுக்கு ஆபத்தாக நிற்கும் மரத்தையோ கட்டடத்தையோ அகற்றவும் சரிசெய்யவும் உத்தரவிட, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு வழி செய்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133ஆம் பிரிவு. அங்கே நஷ்டஈடு கிடைக்காது. ஆனால் கூரை தப்பும்.

அப்படியும் சேதம் நடந்து பணத் தகராறு வந்தால், சங்கமே நீதிபதி ஆக வேண்டாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு இருவரையும் அழைத்துப் போங்கள். வழக்குப் போடாமலேயே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. இருவரும் ஒப்புக்கொண்டு எழுதியது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. சங்கத்தின் நோட்டில் போட்ட கையெழுத்துக்கு அந்தப் பலம் இல்லை.

எங்கள் தெருக் காலி மனையில் இன்னொரு தென்னையும் நிற்கிறது. முதல் கடிதத்தை அதற்கே எழுதுங்கள்; படம் என்னிடம் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
புதுப்பாளையத்தில் குடியிருக்கும் ஒரு சங்க உறுப்பினர்