கோடியக்கரை மான்குட்டியும் வலைக்கயிறு கட்டின நாயும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்ங்க. கோடியக்கரை சரணாலயத்துல சீமைக்கருவையை எடுக்கணும்னு உங்க பேப்பர்ல வந்ததை படிச்சேன். நல்ல விஷயம்தான், அங்க இருக்கிற வெளிமானுக்கு அந்த பேரே வெட்டவெளியில திரியறதாலதானே, தூரத்துலயே பாத்துட்டு ஓடி தப்பிக்கிற ஜாதி அது, புல்தரை பூரா முள்ளு மண்டிட்டா எதிரி வர்றதும் தெரியாது ஓடவும் வழியில்ல. ஆனா நாயை பத்தி ஒரு வரி கூட காணோமே?

போன பங்குனில ஒருநாள் விடிகாலை கோடியக்காடு ரோட்டுல பைக்ல போறேன், ஒரு பெட்டை மான் ஒரே இடத்தை சுத்தி சுத்தி ஓடுது. என்னன்னு பாத்தா மூணு நாய், ஒண்ணு வாயில குட்டி. குட்டி போட்டா மொத ரெண்டு வாரம் தாய் கூட்டிட்டு சுத்தாது, குட்டி புல்லுக்குள்ள அசையாம படுத்துக் கெடக்கும், தாய் வந்து பால் குடுத்துட்டு போகும். நரியும் எடுக்கும்தான், ஆனா நரி ஒண்ணு ரெண்டா வரும், நாய் கூட்டமா வருது. ஹாரன் அடிச்சேன், சத்தம் போட்டேன், அதுங்க நிதானமா நடந்து போகுதுங்க. ஒண்ணு கழுத்துல பச்சை வலைக்கயிறு. யாரோ வளர்த்த நாய்ங்க அது.

ஐப்பசில மீன்பிடி சீசன் தொடங்கினா வெளியூர் படகெல்லாம் இங்க வந்து தங்குது, கழிச்ச மீனை தின்னு நாய் பெருகுது, அமாவாசைக்கு கடல்ல முழுக்கு போட வர்றவங்க விட்டுட்டுப் போற சோத்துப் பொட்டலம் வேற. சீசன் முடிஞ்சு ஆளுங்க கிளம்பினா நாய் மட்டும் தங்கிடுது, பசிச்சா காட்டுக்குள்ளதான் போகும், வேற எங்க போகும்? மழைக்காலத்துல இன்னும் மோசம், தாழ்வா கெடக்கற புல்தரையில தண்ணி நின்னு மானெல்லாம் மேட்டுக்கு வந்து நிக்கும், சுத்தி வளைக்க நாய்க்கு அதுவே வசதி.

1967ல இந்த மானுக்காகவே தொடங்கின சரணாலயம் சார் இது. நாயை கொல்லுங்கன்னு நான் சொல்லல, எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, ராத்திரி கட்டித்தான் போடுறேன். சீசனுக்கு முன்னாடி கோடியக்கரை, கோடியக்காடு ரெண்டு ஊர்லயும் நாய்க்கு கருத்தடையும் தடுப்பூசியும் போடணும், மீன் கழிவை கரையிலயே கொட்ட விடாம அள்ளணும், நாயோட வர்றவங்க நாயோடதான் திரும்பணும். இதை சொல்லப் போனா ஒரு ஆபீஸ்ல இன்னொரு ஆபீஸை கை காட்டுறாங்க. உங்க நிருபரை ஒருநாள் விடிகாலைல அனுப்பி வைங்க, நானே பைக்ல கூட்டிட்டு போறேன்.

இப்படிக்கு,
வேதாரண்யம் வாசகர்