ஓடிபி வராதவருக்கு ஒரு சீட்டு

மதிப்புக்குரிய பேருந்து நிலைய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. செட்டிநாட்டில் ‘இலவச வைஃபை’ என்று நீலப் பலகை மாட்டியிருக்கிற பேருந்து நிலையம் எது என்று உங்களுக்கே தெரியும். போன மாதம் 20-ஆம் தேதி இரவு அந்தப் பலகைக்குக் கீழே ஒரு பெண் லேப்டாப்பைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றதை உங்கள் காவலாளி பார்த்தார். அந்தப் பெண் நான்தான்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கைப்பேசிக்கு ஓடிபி வராதவர்களுக்கு, விசாரணை அறையில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எழுதிய ஒரு சீட்டு கொடுங்கள். அவ்வளவுதான். இனி எழுதப்போவதெல்லாம் இந்தச் சீட்டு ஏன் வேண்டும் என்பதற்கு.

சென்னையில் இருந்துகொண்டு சின்ன வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பது என் தொழில். மாதா மாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 20-ஆம் தேதிக்குள் 3பி ரிட்டர்ன், அதாவது முந்தைய மாதத்தின் விற்பனை, வரிக் கணக்கு, போயாக வேண்டும். தப்பினால் தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய். கட்ட வேண்டிய வரி இருந்தால் அதன் மேல் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி. கடைசி நாள் வரை ஏன் வைத்திருந்தாய் என்று கேட்பவர்கள் இந்தத் தொழிலில் இல்லாதவர்கள். வாங்கிய சரக்குக்கு ஏற்கெனவே கட்டிய வரியைக் காட்டும் உள்ளீட்டு வரிப் பட்டியல் ஜிஎஸ்டி தளத்தில் வருவதே 14-ஆம் தேதிதான். அப்புறம் வியாபாரிகள் பில்லைத் தேடி எடுத்து, வரி கட்டப் பணத்தைப் புரட்டி, “போட்டுடுங்கம்மா” என்று சொல்வதற்குள் 19 ஆகிவிடும். செல்போனிலேயே போடலாமே என்றால், அன்று பாக்கியிருந்தது ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் கணக்கு. கம்பெனி என்றால் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அது பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கனில் இருக்கிறது. லேப்டாப்பில் செருகினால்தான் வேலை நடக்கும். (டோக்கனை முதலாளி என்னிடமே கொடுத்து வைத்திருக்கிறார். கூடாதுதான். ஊரெல்லாம் அப்படித்தான் நடக்கிறது.)

ஊருக்கு வந்தது மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் சித்தப்பாவின் பீமரத சாந்திக்காக, அதாவது எழுபது வயதுச் சடங்குக்காக. வீடு எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலரும் அப்படி ஒரு வீட்டில் பிறந்தவர்கள்தான். இன்றைக்கு அது பதினாறு புள்ளிக்கு, அதாவது பதினாறு குடும்பத்துக்கு, பொது. கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதையே ஆண்டுக்கு ஒரு முறை கூடிப் பேசித்தான் முடிக்கிறோம். வருடத்தில் பத்து நாள் திறக்கிற வீட்டுக்கு மாதா மாதம் இணையக் கட்டணம் என்று யாராவது பேச்செடுத்தால், அந்த வருஷம் சாந்தியே நடக்காது. முகப்பில் உட்கார்ந்தால் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். வளவுக்குள், அதாவது உள்முற்றத்துப் பக்கம், போனால் அதுவும் இல்லை. சித்திரை வெயிலையே உள்ளே விடாத சுவர் செல்போன் அலையை மட்டும் விட்டுவிடுமா?

அன்று மத்தியானம் அந்த ஒரு கோடும் போயிற்று. சாலை தோண்டிய இடத்தில் கேபிள் அறுந்துவிட்டதாம். என் சிம்முக்கு ஊர் எல்லை வரை சிக்னல் கிடையாது. வேறு கம்பெனி சிம் வைத்திருந்த உறவுக்காரர்களிடம் ஹாட்ஸ்பாட் கேட்டேன். காலையிலிருந்து மாலை மாற்றியதையும் கலச நீர் ஊற்றியதையும் வீடியோவாக அனுப்பி அனுப்பி எல்லோருக்கும் அன்றைய டேட்டா தீர்ந்திருந்தது. தீர்ந்த பின் கிடைக்கிற வேகத்தில் ஜிஎஸ்டி தளத்தின் முதல் பக்கம்கூட முழுதாக வராது. அப்போதுதான் சித்தப்பா மகன், “பஸ் ஸ்டாண்டுல ஃப்ரீ வைஃபை போர்டு பார்த்தேன் அக்கா” என்றான். ஆட்டோ பிடித்து வந்தேன்.

உங்கள் வைஃபை வேலை செய்யவில்லை என்று நான் குறை சொல்லப்போவதாக நினைப்பீர்கள். இல்லை. கம்பத்து மேல் இருந்த பெட்டியில் விளக்கு எரிந்தது, லேப்டாப்பில் நான்கு கோடு காட்டியது. நுழைவுப் பக்கம் மட்டும் தானாக வரவில்லை. https என்றில்லாமல் ‘எஸ்’ இல்லாத http என்று தொடங்கும் பழைய வகை இணைய முகவரி ஒன்றை அடித்துப் பார்த்தால் சில சமயம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் என்று தெரிந்து வைத்திருந்ததால் தப்பித்தேன். தெரியாதவர்கள் வைஃபை போச்சு என்று மூடி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பக்கம் வந்தது. வரவேற்பு, சின்னம், ‘உங்கள் கைப்பேசி எண்ணைப் பதிவிடவும்’.

பதிவிட்டேன். ‘உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது.’

எங்கே வரும்? என் போனுக்குத்தான் சிக்னல் இல்லையே. சிக்னல் இருந்தால் சாந்தி வீட்டு இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு, பட்டுச் சேலையோடு நான் ஏன் பேருந்து நிலையத்தில் நிற்கிறேன்? இணையம் இல்லாதவருக்கு இணையம் கொடுக்கத்தான் அந்தப் பெட்டி என்று நினைத்திருந்தேன். உள்ளே விட அது கேட்பதோ, என்னிடம் இல்லாத அதே சிக்னலை.

மணி 9.40. விசாரணை அறையில் இருந்தவரிடம் கேட்டேன். நல்ல மனிதர், “அது தானா வர்றதும்மா, எங்க கையில ஒண்ணும் இல்ல” என்றார். பக்கத்து டீக்கடைக்காரர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், தன் பட்டன் போனை எடுத்துக்காட்டி, “என் நம்பரைப் போடுங்க ஆச்சி. வெளியூர்க்காரங்க எல்லாம் இதத்தான் போடுறாங்க. இன்னைக்கு நீங்க ஏழாவது ஆள்” என்றார். போட்டேன். அவருடைய எண்ணுக்கு அன்றைய இலவச நேரம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அவர் அசரவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு மனைவியை எழுப்பினார். மனைவியின் எண்ணை அடித்தேன். அந்த அம்மாள் தூக்கக் கலக்கத்தில் ஆறு இலக்கத்தை ஒவ்வொன்றாகப் படிக்க, அவர் அதை எனக்குத் திருப்பிச் சொல்ல, கதவு திறந்தது. 10.12-க்கு ரிட்டர்ன் போய்ச் சேர்ந்தது. டீக்குக்கூடக் காசு வாங்க மாட்டேன் என்றார்.

ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி சொல்கிறது, காவல்துறை சொல்கிறது, கொஞ்ச காலம் போன் போட்டால் மணியடிக்கும் முன்பே பதிவுக் குரலும் சொன்னது. உங்கள் பேருந்து நிலையத்தில் மட்டும் அதை ராத்திரி பத்து மணிக்கு, முன்பின் பார்த்திராத ஒருத்திக்கு, தெருவில் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓடிபி ஏன் வந்தது என்பதை நான் மறக்கவில்லை. 2008-இல் குண்டுவெடிப்புகளையொட்டிச் சில மின்னஞ்சல்கள், பூட்டாமல் கிடந்த மற்றவர்களுடைய வைஃபை வழியாக அனுப்பப்பட்டன. அதற்கப்புறம் 2009-இல் தொலைத்தொடர்புத் துறை, பொது வைஃபையில் நுழைகிறவர் யார் என்று தெரிந்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. நியாயம். ஆனால் அந்த உத்தரவில் குறுஞ்செய்தி ஒரு வழிதான். புகைப்பட அடையாள அட்டையின் நகலை வாங்கி ஓராண்டு பத்திரப்படுத்தி வைப்பது இன்னொரு வழி. அந்த இரண்டாவது வழியைத்தான் கேட்கிறேன். அன்று என் பையில் ஆதார் இருந்தது, பான் இருந்தது, ஓட்டுநர் உரிமம் இருந்தது. நான் யார் என்று உங்களிடம் சொல்லத் தயாராக வந்தேன். கேட்க ஆள் இல்லை. அதனால் உங்கள் பதிவேட்டில் அந்த டீக்கடைக்காரர் ஒரே நாளில் ரயில் டிக்கெட் எடுத்திருப்பார், வேலைக்கு விண்ணப்பம் போட்டிருப்பார், யாருக்கோ விசா பார்த்திருப்பார். பாவம், அவர் நாளெல்லாம் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சித்தப்பாவை வழியனுப்ப வந்தபோது இன்னொரு கூத்து. அவர் எண் +60-இல் தொடங்கும் மலேசிய எண். உங்கள் கட்டத்தில் பத்து இலக்கத்துக்கு மேல் அடிக்க முடியாது. நாட்டுக் குறியீட்டுக்கு இடமே இல்லை. விமானப் பயணச்சீட்டைத் திறக்க முடியாமல் நின்றார். எழுபது வயது. பக்கத்தில் ஆத்தங்குடித் தரை ஓடுகள் கட்டிய பொட்டலத்தோடு நின்ற வெள்ளைக்காரத் தம்பதிக்கும் அதே கதை.

இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. வாருங்கள், வீட்டைப் பாருங்கள், தூணைப் பாருங்கள், கண்டாங்கியைப் பாருங்கள் என்று உலகத்தையே அழைக்கிறோம். அழைப்பை ஏற்று வருகிறவரிடம் முதலில் கேட்பது இந்திய செல்போன் எண். போதாததற்கு நிலைய வாசலில் ஒரு கியூஆர் பலகை: ‘சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்களை அறிய ஸ்கேன் செய்யவும்’. ஸ்கேன் செய்ய இணையம் வேண்டும். இணையத்துக்கு ஓடிபி வேண்டும். ஓடிபிக்கு டீக்கடைக்காரரின் மனைவி விழித்திருக்க வேண்டும். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் ‘இலவசக் கழிப்பறை’ என்று எழுதி வைத்துவிட்டு ஐந்து ரூபாய் வாங்குகிறார்களே, அதையும்… சரி, அது வேறு மடல்.

இலவசத்துக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். ரயில் நிலையங்களில் 2016-இல் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய வைஃபை, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களுக்குப் பரவியது. அங்கே முதல் அரை மணி இலவசம், அப்புறம் 10 ரூபாய்க்கு ஒரு நாள் திட்டம் என்று 2021-இல் கட்டணமும் வந்தது. அங்கும் ஓடிபிதான். நீங்களும் காசு வாங்குங்கள், தருகிறேன். அன்று இரவு நூறு ரூபாய் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். டீக்கடைக்காரரே தன் கடையில் இணையம் விற்கலாம், அதற்கு உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம் என்று 2020 டிசம்பரில் பிஎம்-வாணி என்று ஒரு திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அவரிடம் சொன்னேன். “எனக்கு எதுக்கு ஆச்சி, பஸ் ஸ்டாண்டுலதான் சும்மா கிடைக்குதே” என்றார்.

எங்கள் ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிற்கப் போனவர். அங்கே எழுதிக் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டை இங்கே கொண்டுவந்து நீட்டினால் பணத்தை எண்ணி வைப்பார்கள். உண்டியல் என்று பெயர். கடல் தாண்டி வந்த சீட்டை நம்பிப் பணம் கொடுத்தவர்களின் ஊரில், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எழுதிய சீட்டு ஒன்றைத்தான் கேட்கிறேன். கருவி வாங்க வேண்டியதில்லை. வைஃபை நுழைவை நடத்துகிற மென்பொருள்களில் பெரும்பாலானவற்றில், இத்தனை நேரத்துக்கு இத்தனை சீட்டு என்று அச்சடித்துக்கொள்கிற வசதி உண்டு. உங்களுக்கு நிறுவிக் கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவார். ஒரு நோட்டு, நகல் எடுக்க ஒரு ஏற்பாடு, விசாரணை அறையில் இருக்கும் அந்த நல்ல மனிதருக்குப் பத்து நிமிடப் பயிற்சி. முடிந்தால் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சீட்டு முக்கியம்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பலகை வைத்து, பெட்டி வைத்து, அதை நன்றாகவும் ஓட வைத்திருக்கிறீர்கள். எத்தனையோ ஊர்களில் பலகையோடு நின்றுவிடுகிறது. மாசியில் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு மறுபடி ஊருக்கு வருகிறேன். அதற்குள் ஓடிபி வராதவர்களுக்குச் சீட்டு கொடுக்க ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லேப்டாப்போடு நின்ற பெண்

பி.கு.: போன மாதம் 20-ஆம் தேதி இரவு 9.50-ஐ ஒட்டி உங்கள் பதிவேட்டில் டீக்கடைக்காரரின் மனைவி எண் இருக்கும். அந்த அம்மாள் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். ஜிஎஸ்டி தளத்துக்குப் போனது நான். திருத்திக்கொள்ளவும்.