சிறப்புக் காட்சிக்கு முதலில் பஸ் நேரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ், சிங்களக் கலைஞர்கள் சேர்ந்து இயங்கும் நாடகக் குழுக்கள் இலங்கையின் மலையகத்துக்கு வரும்போது, வழக்கமான காட்சியோடு தேயிலைத் தோட்ட மக்களுக்கு ஒன்று, காது கேளாதோருக்கு ஒன்று, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஒன்று என்று சிறப்புக் காட்சிகளும் வைக்கவேண்டும். 'ஜனகரலிய' குழு கூடார அரங்கோடு ஊர் ஊராகப் போய் இரு மொழியிலும் நாடகம் போட்டுக் காட்டிய நாட்டில் இது முடியாத காரியமல்ல. ஆனால் மண்டபம் என்றைக்குச் சும்மா கிடக்கிறதோ அன்றைக்குச் சிறப்புக் காட்சி என்று தீர்மானித்தால் கதிரைகள்தான் நாடகம் பார்க்கும்.

பறித்த கொழுந்தை எடை போட்டு முடிய மாலை நாலரை, ஐந்து ஆகிவிடும். அதற்குப் பிறகு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) போய், குளித்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆறரைக்கு ஹட்டன் வந்து சேர்ந்தாலும், காட்சி முடிந்து பொகவந்தலாவைப் பக்கமோ மஸ்கெலியாப் பக்கமோ திரும்பிப் போகப் பஸ் இராது. ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்குள் முடிப்பதே சரி. சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி வரும். அதற்கு அடுத்த ஞாயிறு என்றால் டிக்கட்டுக்கும் கையில் காசு இருக்கும். கொழுந்து மண்டும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறிவிடுவார்கள், அந்த மாதங்கள் வேண்டாம். ஹட்டன் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஆனால் அது சிவனொளிபாதமலைப் பருவம். போயாவை (பௌர்ணமி விடுமுறையை) ஒட்டிய வார இறுதிகளில் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தகரக் கூரை மண்டபத்தில் மழைச் சத்தத்தில் நடிகர் என்ன கத்தினாலும் மூன்றாம் வரிசைக்கே கேட்காது. அந்த மாதங்களில் மழை குறைந்த பண்டாரவளை, பதுளைப் பக்கம் போகலாம். வாகனம் ஒழுங்கு செய்வதானால் வேன்தான் நல்லது. பெரிய பஸ் தோட்டத்து முடக்குகளில் திரும்பாது.

அடுத்தது, வசனத்தை மற்ற மொழியில் திரையில் காட்டும் வேலை. எல்லாரும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பதும், அதிகமாகக் கெட்டுப்போவதும் இதுதான். ஒன்றரை மணி நேர நாடகத்துக்கு 700 முதல் 1,000 துண்டுகள் வரை, அதாவது ஒரு தடவைக்குத் திரையில் வரும் எழுத்துப் பகுதிகள், தேவைப்படும். ஒரு துண்டில் இரண்டு வரிக்கு மேல் கூடாது, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. வசனத்தை அப்படியே மொழிபெயர்க்காமல் மூன்றில் ஒரு பங்கு சுருக்கவேண்டும், இல்லாவிட்டால் பார்வையாளர் திரையை வாசித்து முடிப்பதற்குள் நடிகர் மேடையை விட்டுப் போயிருப்பார். திரை மேடைக்கு நேர் மேலே இருக்கவேண்டும். பக்கச் சுவரில் இருந்தால் கழுத்து வலிதான் மிச்சம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து கொண்டுவந்தால், மண்டபத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாத நேரத்தில் திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யுனிகோடில் அடித்து, சொந்தக் கணினியையே கொண்டுவருவது நல்லது. துண்டுகளை நகர்த்துபவர் ஒத்திகைகளில் உட்கார்ந்தவராக இருக்கவேண்டும். நடிகர் இரண்டு வசனத்தை விழுங்கிவிட்டால் எங்கே தாவுவது என்று அவருக்குத்தான் தெரியும். தாவ முடியாத இடத்தில் காட்ட வெற்றுத் துண்டு ஒன்றும் வேண்டும். பிழையான வசனத்தை விட இருட்டுத் திரை மேல்.

சைகை மொழிபெயர்ப்பாளரை மேடை ஓரத்தில் நிறுத்திவிட்டு மேடை விளக்கை அணைத்தால் அவரும் இருட்டில் போய்விடுவார். அவருக்கென்று தனி விளக்கு வேண்டும். அந்தப் பக்கத்து முன்வரிசைகளை ஒதுக்கிவைக்கவேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட நாடகத்துக்கு இரண்டு பேர் மாறி மாறி நிற்கவேண்டும், கை ஓய்ந்துவிடும். பாடசாலைக்குப் பாடசாலை சைகைகள் வேறுபடுவதால், காட்சிக்கு அரை மணி நேரம் முன்பே பார்வையாளரோடு உட்கார்ந்து பாத்திரங்களின் பெயர்ச் சைகைகளைப் பேசிவைப்பது அவசியம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடுவோர் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விடவேண்டும். இரண்டு பலகையைப் படியில் சாய்த்துவைப்பது சாய்தளமல்ல, ஆபத்து.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் வரும் காட்சியில் மண்டப விளக்கை மங்கலாகவேனும் எரியவிட்டு, கதவைத் திறந்துவைத்து, எழுந்து நடமாட விடவேண்டும். அமைதியான ஓர் அறையும் பக்கத்தில் வேண்டும். தப்பு மேளம் அடிக்கும் நாடகமானால் அதை நிறுத்தவேண்டியதில்லை. அடி விழுமுன் ஒருவர் தப்பை உயர்த்திக் காட்டினால் போதும், பிள்ளை காதைப் பொத்திக்கொள்ளும். குளிரிலும் மிஸ்டிலும் தோல் தளர்ந்து தப்பு மந்தமாகிவிடும் என்பதால் காட்சிக்குச் சற்று முன் நெருப்பில் காய்ச்சியாகவேண்டும். மண்டபத்துக்குள் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள். வெளியே, மழைக்கு ஒதுங்கிய இடத்தை முதல் நாளே பார்த்துவைக்கவேண்டும்.

சமூக நிகழ்ச்சி என்றதும் 'பதினைந்து நிமிடம் காமன்கூத்து' கேட்கும் பழக்கத்தைக் குழுக்கள் விடவேண்டும் என்பது என் கருத்து. மாசியில் கம்பம் ஊன்றி, விரதமிருந்து, மன்மதன் எரிக்கப்படும் மதன் தகனம் வரை தோட்டங்களில் ஆடும் சடங்குக் கூத்து அது. ரதியையும் மதனையும் மட்டும் பிய்த்தெடுத்து ஆகஸ்ட் மாதத்தில் மேடையேற்றுவதா என்பதைக் கூத்து வாத்தியாரும் அந்தத் தோட்டத்துப் பெரியவர்களும்தான் சொல்லவேண்டும். மாசியில் குழுவினர் தோட்டத்துக்கே போய் இரவு முழுக்க உட்கார்ந்து பார்ப்பதில் இரு தரப்புக்கும் பயன் அதிகம்.

காட்சிக்குப் பின் கலந்துரையாடல் இரு மொழியில் நடந்தால் இருபது நிமிடப் பேச்சுக்கு நாற்பது நிமிடம் போகும், பாதிப் பேர் பஸ்ஸுக்கு எழுந்துவிடுவார்கள். அதைக் காட்சிக்கு முன்பு, தேத்தண்ணியோடு வைத்தால் என்ன?

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். நாடக அறிவித்தல்களில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும், திரையில் எந்த மொழி ஓடும், படி உண்டா இல்லையா என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். இரண்டு வாரம் முந்திப் போட்டால்தான் தோட்டத்தில் வேன் பேச நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
மேடைப் பணியாளர் ஒருவர்,
கொட்டகலை.