பழைய தாளைக் கெடுக்கும் டீ கப்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரக் குப்பைக்குப் பச்சை, உலர் குப்பைக்கு நீலம் என இரண்டு தொட்டி வாங்கி வைத்ததும் குப்பை பிரிக்கும் வேலை முடிந்துவிட்டதாகப் பல அலுவலகங்கள் நினைக்கின்றன. நீலத் தொட்டியைத் திறந்து பார்த்தால் மேலாகப் பத்துப் பதினைந்து காகிதக் கப். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மிடறு டீ. அது கவிழ்ந்து, கீழே கிடக்கும் வெள்ளைத் தாளெல்லாம் ஊறிப்போகிறது. பாலும் சர்க்கரையும் ஏறிய தாளைப் பழைய பேப்பர் கடைக்காரர் வாங்க மாட்டார். வாங்கினாலும் எடையில் கழித்துவிடுவார்.

கப்பின் உட்புறம் மெல்லிய பாலித்தீன் பூச்சு உண்டு. டீ ஒழுகாமல் நிற்பது அதனால்தான். ஆனால் காகித ஆலையின் கூழ்த்தொட்டியில் அந்தப் பூச்சு காகித நாரை விட்டு எளிதில் பிரியாது. தமிழ்நாட்டில் 1.1.2019 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் ஒன்று. (அந்தக் கப்பில் டீ குடித்துக்கொண்டே பிளாஸ்டிக் ஒழிப்புக் கூட்டம் நடத்துகிறோம்.)

நூறு பேர் உள்ள இடத்தில் ஆளுக்கு இரண்டு டீ என்றால், 25 வேலை நாளில் 5,000 கப் சேரும். மாற்று எவர்சில்வர் டம்ளர்தான். தொலைவது, விருந்தினருக்கு என எல்லாம் சேர்த்து 120 டம்ளர் இருந்தால் சமாளிக்கலாம். இந்த ஏற்பாடு பெரும்பாலும் கழுவும் இடத்தில்தான் தோற்கிறது. சிங்க், டீ ஊற்றும் இடத்தை ஒட்டியே இருக்க வேண்டும். கழுவும் வேலையைத் தூய்மைப் பணியாளர் தலையில் சும்மா கட்டினால் சீக்கிரமே கப் திரும்பி வந்துவிடும்; அதற்கான நேரத்தையும் கூலியையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். டம்ளர் வரும்வரை, மிச்ச டீயைக் கொட்டத் தொட்டி அருகில் ஒரு வாளியாவது வையுங்கள்.

மேசைக்கு அடியில் உள்ள சின்னத் தொட்டிகளை எடுத்துவிடலாம். ஆரஞ்சுத் தோலும் பிரிண்ட் அவுட்டும் ஒன்று சேருவது அங்கேதான். பிரிண்டர் பக்கத்தில், மூடியில் நீளமான பிளவு உள்ள பெட்டி போதும்; தாள் நுழையும், கப் நுழையாது. ஸ்டேப்ளர் பின் இருந்தால் பாதகமில்லை. ஏடிஎம் சீட்டு போன்ற வெப்ப அச்சுத் தாளும் லேமினேட் செய்ததும் அதில் விழக் கூடாது. ரகசியம் இல்லாத தாளைப் பொடியாக நறுக்கவும் வேண்டாம்; நார் குட்டையானால் மதிப்பு குறையும்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் மாலையில் ஒரே தள்ளுவண்டியில், ஒரே கறுப்புப் பையில் எல்லாம் கலந்துவிடுகிறது. பணியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் கொடுத்தது ஒரு பைதானே! ஈரக் குப்பையை மாலையில் எடுக்கட்டும். தாளைத் தினமும் எடுக்கத் தேவையில்லை. வாரம் ஒருமுறை எடை போட்டு நோட்டில் குறித்து அனுப்பலாம். 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஏ4 தாள் 500 கொண்ட ஒரு கட்டு ஏறத்தாழ 2.3 கிலோ. மாதம் வாங்கிய கட்டுகளோடு ஒப்பிட்டால், எவ்வளவு தாள் குப்பையோடு போகிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

அரசு அலுவலகங்களும் வங்கிகளும் டீ ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, ‘டம்ளரில் மட்டுமே வழங்க வேண்டும்’ என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அலுவலகக் கழிவு மேலாண்மைப் பணியில் உள்ள வாசகர்கள், கோவை